நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்கள்

ஒரு நாற்காலியில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார எனக்கு வராது. பாலிடெக்னிக் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனதற்கு வேறு பெரிய காரணம் கிடையாது. அதற்குப் பிறகு திருப்பூரில் பனியன் மடித்தேன். ஹூப்ளியில் ஒரு தாபாவில் வெங்காயம் நறுக்கினேன். லாரியில் கிளீனராக நாசிக் வரை போனேன். புனேவுக்கு வந்த முதல் மழைக்காலத்தில், கோந்த்வாவில் பலபேர் நெருக்கியடித்துப் படுக்கும் ஓர் அறையில், டைபாய்டு வந்து விழுந்தேன். பார்த்துக்கொண்டிருந்த வேலை போனது, பிறகு காய்ச்சலும் போனது. கிடந்த நாட்களில் பக்கத்துப் பாய்க்காரன் ஜாவா கம்ப்யூட்டர் பாட வீடியோக்கள் பார்ப்பான். எழுந்து போகத் தெம்பில்லாததால் நானும் பார்த்தேன். பாதி புரிந்தது. அந்தப் பாதியோடுதான் புனேயின் இன்னொரு மூலையான வாகட்டில் இப்போதிருக்கும் வேலைக்குப் போய் நின்றேன்.

அது கல்யாண மண்டபங்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சின்ன நிறுவனம். மண்டபத்தை இங்கே கார்யாலய் என்பார்கள். முதலாளி மராத்திக்காரர். அவர்கள் விசேஷங்களிலும் பந்தி உண்டு. பங்கத் என்று பெயர். அவருடைய ஊரில் அடுத்த பந்திக்காரர்கள் வாசலுக்கு வெளியே காத்திருப்பார்களாம். கதவு திறந்ததும் ஒரே ஓட்டமாம். சின்ன வயதில் அந்த ஓட்டத்தில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டவர் அவர். எந்தப் பந்தி என்று போனிலேயே பதிந்துவிட்டு, நேரத்துக்கு வந்து, மரியாதையாக உட்கார்ந்து சாப்பிட்டுப் போக வேண்டும் என்பது அவருடைய கனவு. அதற்காகவே ஜாவாவில் ஒரு வலைச் செயலியை எழுத வைத்திருந்தார்.

“உனக்கு என்ன தெரியும்?” என்று ஹிந்தியில் கேட்டார்.

“தமிழ், ஹிந்தி, கொஞ்சம் மராத்தி. ஜாவா பாதி.”

“நாள் பூரா உக்காந்து போன்ல கஸ்டமர்கிட்ட பேசுவியா?”

“பேசுவேன் சார். உக்காந்து மட்டும் முடியாது.”

சிரித்துவிட்டார். மறுநாளே வரச் சொன்னார்.

செயலியை எழுதிப் பராமரித்தவர் ஒரு கோயம்புத்தூர்க்காரர். நான் கோவை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வயதில் சின்னவனான என்னையும் அவர் வாங்க, போங்க என்றே பேசுவார், திட்டும்போதுகூட. “தம்பி, அறிவோடதான் இதப் பண்ணுனீங்களா?” என்று கேட்பார். ஊர் ஊராக வேறு மாதிரி திட்டு வாங்கிப் பழகியவனுக்கு அது தாலாட்டு மாதிரி இருக்கும்.

பொங்கலை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை, பிம்ப்ரியில் ஒரு கார்யாலயில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். வாகட்டிலிருந்து ஐ.டி.காரர்கள் வருவார்கள், கோந்த்வாவிலிருந்து வருவார்கள், பிம்ப்ரி தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் நடந்தே வருவார்கள். அந்தக் கார்யாலய் எங்கள் செயலியை வாங்கியிருந்ததால் பொங்கல் பந்தியும் அதற்குள் வந்து சேர்ந்தது. குடும்பங்கள் போனில் பதிந்துகொள்ளும். இரண்டு தன்னார்வலர்கள் முழுப் பட்டியலையும் கணினியில் திறந்து வைத்துக்கொண்டு, இந்தப் பந்தியிலிருந்து அந்தப் பந்திக்கு மாற்றுவார்கள், வர முடியாதவர்களை நீக்குவார்கள். ஒருவர் வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற கும்பகோணத்துக்காரர். இன்னொருவர் வாகட்டில் இருக்கும் ஒரு டீச்சர்.

இரண்டு பேர் ஒரே பட்டியலைத் திறந்து வைத்திருந்ததில்தான் தொல்லை ஆரம்பித்தது. டீச்சர் ஒரு குடும்பத்தை மாற்றியதும் சர்வரில் பட்டியல் மாறிவிடும். வங்கிக்காரரின் திரையில் மட்டும் பழைய பட்டியல் அப்படியே நிற்கும். அதில் எதை அழுத்தினாலும், இது பழைய இணைப்பு, முதல் பக்கத்துக்குப் போய் ஆரம்பியுங்கள் என்று ஆங்கிலத்தில் சிவப்பாக ஒரு பக்கம் வரும். அதற்குக் கீழே ஜாவா தன் வயிற்றெரிச்சலையெல்லாம் வரிவரியாகக் கொட்டியிருக்கும்.

“என்னப்பா, தொட்டா போறும், ரத்த ரத்தமா கக்கறது உன் கம்ப்யூட்டர்!” என்று வங்கிக்காரர் போன் செய்வார்.

“சார், பக்கத்த ஒரு தடவ ரீஃப்ரெஷ் பண்ணிட்டு அமுக்குங்க.”

“காலம்பர காபியோட திறந்தேன்னா நான் சாயங்காலம்தான் மூடுவேன். ஒவ்வொரு தடவையும் ஃப்ரெஷ் பண்ணிண்டு இருந்தா நான் எப்பப்பா ஃப்ரெஷ் ஆறது?”

டீச்சர் இன்னொரு பக்கம் போன் செய்வார். அலுவலக வராண்டாவில் நான் நடந்து நடந்து பேசியதில் செருப்பு தேய்ந்தது. கடைசியில் முதலாளி, “அந்தச் சிவப்புப் பக்கம் எனக்கு வேணாம், எடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டார். பக்கம் பழையதா என்று பார்க்கும் சோதனையைக் கோவை அக்கா அரைமனதோடு அணைத்து வைத்தார். பழைய பக்கத்திலிருந்து அழுத்தினாலும் இனி செயலி ஏற்றுக்கொள்ளும். போன் மணி நின்றது. எல்லாருமாக வடா பாவ் வாங்கித் தின்று கொண்டாடினோம்.

விருந்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, பிம்ப்ரி அக்கா போன் செய்தார்.

அவரை எனக்குப் போன் வழியாக ஏற்கெனவே தெரியும். மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் பேக்கிங் பிரிவில் வேலை. விழுப்புரம் பக்கம். கணவர் இல்லை. மகளுக்கு ஒரு மராத்திப் பையனோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதனாலேயே சொந்தக்காரர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். பையனின் அப்பா அம்மா சாத்தாராவில் இருப்பவர்கள், நல்ல மனிதர்கள். ஆனால் நிச்சயத்தன்று அந்த அம்மா, உங்கள் பக்கம் வேறு யாருமே வரவில்லையா என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். இவர் அதை மறக்கவில்லை. அவர்களைப் பொங்கல் விருந்துக்கு அழைத்து, முதல் பந்தியில், தமிழ்க் கூட்டத்துக்கு நடுவில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தார். முதல் பந்திக்கு அவரைப் பதிந்து கொடுத்ததே நான்தான்.

“தம்பி, போன்ல எங்க பதிவக் காணமே. மூணு தடவ பாத்துட்டேன்.”

“இருக்கும் அக்கா, கீழ தள்ளிப் பாருங்க.”

“கீழ, மேல எல்லாம் தள்ளிட்டேன். நாளைக்கு சம்பந்தி வராங்க தம்பி. வாசல்ல நிக்க வச்சு எடமில்லன்னு சொன்னா எப்பிடி இருக்கும்? யாருமே இல்லியான்னு அந்தம்மா கேட்டாங்களே, அதுக்கு நானே ஆமான்னு சொன்ன மாதிரி ஆயிடும்.”

குரல் உடையவில்லை. உடைந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். சாயங்காலத்துக்குள் சொல்கிறேன் என்றேன்.

அலுவலகத்தில் முதலாளி, கோவை அக்கா, நான். பட்டியலைப் பார்த்தால் முதல் பந்தி நிரம்பி வழிந்தது. பிம்ப்ரி அக்கா குடும்பத்தை நீக்கியது வங்கிக்காரரின் கணக்கிலிருந்து என்று தெரிந்தது. காலியான இடத்தை அடுத்த நிமிஷமே வேறு குடும்பங்கள் பிடித்திருந்தன. வங்கிக்காரருக்குப் போன் போட்டேன்.

“நான் ஏன்ப்பா அவாளை எடுக்கப்போறேன்? நான் எடுத்தது, ஊருக்குப் போறோம்னு சொன்னாளே, அந்தப் பெரிய குடும்பத்தை.”

“அவங்க இன்னும் முதல் பந்தியிலதான் சார் இருக்காங்க.”

“அதெப்படி? அமுக்கினேன். ஏதோ ஒண்ணு போச்சு. நான் எழுந்து குளிக்கப் போயிட்டேன்.”

கோவை அக்கா சோதனைக்கென்று இருந்த செயலியின் நகலில் ஒரு குடும்பத்தை நீக்கிப் பார்த்தார். சரியாகப் போனது. இன்னொன்றை நீக்கினார். அதுவும் சரி. எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் அழுத்தும் முன்னால் கை தானாகப் பக்கத்தைப் புதுப்பித்துவிடும். அவருக்கு ஒவ்வொரு தடவையும் புத்தம்புதுப் பட்டியலே கிடைத்துக்கொண்டிருந்தது.

நான் என் கணினியில் அதே நகலைத் திறந்தேன். திறந்ததும் வழக்கம்போல உட்கார முடியவில்லை. கீழே டபரி என்கிற டீக்கடைக்குப் போய் ஒரு சாயா குடித்துவிட்டு வந்தேன். வந்து, முன்பே திறந்திருந்த பக்கத்தில் ஒரு குடும்பத்தை அழுத்தினேன். அதற்குக் கீழே இருந்த குடும்பம் காணாமல் போனது.

“அக்கா! நா அமுக்குனது ஒண்ணு, போனது அதுக்குக் கீழ இருந்தது.”

“நீங்க எங்க போயிருந்தீங்க?”

“டீ குடிக்க.”

அக்கா தன் திரையைப் பார்த்தார், என் திரையைப் பார்த்தார். நான் கீழே இருந்த நேரத்தில் அவர் பட்டியலின் மேலேயிருந்து ஒரு குடும்பத்தை எடுத்திருந்தார்.

“ஏனுங் தம்பி, இன்னொருக்கா போய் டீ குடிச்சிட்டு வாங்க.”

போனேன். வந்து அழுத்தினேன். மறுபடி கீழ்வரிக்காரர் போனார். இன்னொரு தடவை போகச் சொன்னார். என் வாழ்க்கையில், எழுந்து வெளியே போ என்பதை ஒரு வேலையாக எனக்குக் கொடுத்தது அந்தச் சனிக்கிழமைதான். டபரிக்காரர், “காய் ஜாலா? ஆபீஸ்ல சண்டையா?” என்று மராத்தியில் விசாரித்தார். இல்லை, டெஸ்டிங் என்றேன். அவர் நம்பவில்லை.

அக்கா விஷயத்தை விளக்கியபோது முதலாளியும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஒவ்வொரு பட்டன்லயும் எத்தனாவது வரிங்கறது மட்டும்தானுங்க இருக்குது. அந்த வரியில யார் இருக்காங்கன்னு இல்ல. மேலேருந்து ஒருத்தர எடுத்தா எல்லாரும் ஒருபடி மேல நகர்ந்துருவாங்க. பழைய திரையில இருக்கறவருக்கு அது தெரியாது. அவரு அமுக்குனா அடுத்த ஆளு போயிருவாங்க.”

“அப்ப அந்தச் சிவப்புப் பக்கம்?” என்றார் முதலாளி.

“அது இதத்தான் சார் கத்துச்சு. நாம வாயப் பொத்திட்டோம். கத்துனது சரி. என்ன ஆச்சுன்னு சொல்லாம கத்துச்சு பாருங்க, அதுதான் தப்பு.”

முதலாளி தன் பழைய முட்டியைத் தடவிக்கொண்டார். “சரி, இன்னிக்கே முடியுமா? சாயங்காலம் பூரா ரெண்டு பேரும் மாத்திக்கிட்டே இருப்பாங்க. நாளைக்கு யார் யாரக் காணோம்னு வாசல்ல நின்னு எண்ண முடியாது.”

முதல் வேலையாக, எதையும் தொடாமல் இருக்கும்படி இரண்டு தன்னார்வலர்களையும் கேட்டுக்கொண்டேன். டீச்சர் உடனே சரி என்றார். வங்கிக்காரர், “தொடாம எப்படிப்பா பொழுது போறது?” என்றார். கோவை அக்கா உட்கார்ந்து எழுதினார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதற்கே உரிய எண் ஒன்று ஏற்கெனவே உள்ளே இருந்தது. பட்டன் இனி வரியை அல்ல, அந்த எண்ணைச் சுமந்து போகும். பட்டியல் எப்படி நகர்ந்தாலும் அந்தக் குடும்பத்தைத்தான் தேடும். அந்தக் குடும்பத்தையே வேறொருவர் அதற்குள் மாற்றிவிட்டிருந்தால், செயலி சும்மா எதையாவது செய்யக் கூடாது. சிவப்பாகக் கத்தவும் கூடாது. அதே இடத்தில் புதிய பட்டியலைக் காட்டி, மேலே ஒரு வரி சொல்ல வேண்டும்.

அந்த ஒரு வரிக்குத்தான் நேரம் பிடித்தது. அக்கா ‘பிழை’ என்று ஆரம்பித்திருந்தார். யாரும் பிழை செய்யவில்லையே என்றேன். ஒருவர் காபி குடிக்கப் போனார், இன்னொருவர் தன் வேலையைச் செய்தார், அவ்வளவுதான். “அப்ப நீங்களே எழுதுங்க. எந்திரிச்சுப் போறவிய கஷ்டம் உங்களுக்குத்தான தெரியும்” என்று விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார். நின்றுகொண்டே அடித்தேன்: ‘இந்தக் குடும்பத்தை இப்போதுதான் இன்னொருவர் மாற்றினார். புதிய பட்டியல் கீழே. பார்த்துவிட்டு அழுத்துங்கள்.’ முதலாளி அதை மராத்தியில் எழுதிச் சேர்த்தார்.

வெயில் தணிவதற்குள் புதிய நிரல் ஏறியது. வங்கிக்காரரைப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போய்க் காபி குடித்து வரச் சொன்னேன். அந்த இடைவெளியில் டீச்சர் மேல்வரியில் இருந்த ஒரு குடும்பத்தை மூன்றாம் பந்திக்கு மாற்றினார். வங்கிக்காரர் திரும்பி வந்து, போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, ஊருக்குப் போகும் அந்தப் பெரிய குடும்பத்தை அழுத்தினார். நாங்கள் மூவரும் எங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“போயிடுத்து! சரியான ஆள்தான்பா போனா!” என்று அவர் கத்தியது சாலை வரை கேட்டிருக்கும். உற்சாகத்தில், டீச்சர் சற்றுமுன் மாற்றிய குடும்பத்தையும் பழைய திரை ஒன்றிலிருந்து அழுத்திவிட்டார். மேலே நான் எழுதிய வரி வந்தது. அதை நிறுத்தி நிதானமாக வாய்விட்டுப் படித்தார். “இது நன்னா இருக்கு. ஒரு மனுஷன் சொல்றாப்பல சொல்றது.”

அந்தப் பெரிய குடும்பம் போய்க் காலியான இடத்தில் பிம்ப்ரி அக்கா வீட்டாரைச் சேர்த்தேன். எல்லாருக்கும் பக்கத்து பக்கத்து நாற்காலி. போன் செய்து சொன்னேன். எதிர்முனையில் அவர் மகளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டுவது கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல குளிர். முதலாளி தன் கனவு பலிப்பதைப் பார்க்க இஸ்திரி போட்ட குர்தாவில் வந்திருந்தார். முதல் பந்தி நேரத்துக்கு ஆரம்பித்தது. பதிந்தவர்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், இலை விழுந்தது. பிம்ப்ரி அக்கா சம்பந்திகளை நடுவரிசையில் உட்கார வைத்துவிட்டு, தான் உட்காராமல் சுற்றிச் சுற்றி வந்தார். முதலாளி என் தோளில் கை போட்டு, “பாத்தியா, யாராவது ஓடுறாங்களா?” என்றார்.

யாரும் ஓடவில்லை. ஆனால் சாம்பார் முடிந்து ரசம் வரும் நேரத்தில் இரண்டாம் பந்திக்காரர்கள் உள்ளே வந்தார்கள். வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் நாற்காலிகளுக்குப் பின்னால் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

முதலாளியின் முகம் விழுந்துவிட்டது. “அரே, இவங்களுக்கெல்லாம் பதிவு இருக்கே! ஏன் நிக்கிறாங்க?”

“இருக்கு சார். இருந்தாலும் நிப்பாங்க.”

அவருக்காகப் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். “பதிவு போன்ல இருக்குங்க. நாற்காலி இங்கதான இருக்கு?” என்றார் அவர்.

பிம்ப்ரி அக்கா என்னிடம் ஓடி வந்தார். சாத்தாரா சம்பந்திக்குப் பின்னால், குரங்குக் குல்லாயோடு, நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றது எங்கள் வங்கிக்காரரேதான். சம்பந்தி அம்மாவின் பின்னால் ஒரு வாகட் குடும்பமே நின்றது. “தம்பி, அவங்கள கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லேன். சாப்புட்ற மனுஷன் கழுத்துல மூச்சு விட்டுகினு நிக்கிறாங்களே. சம்பந்தி என்னா நெனப்பாங்க?”

நான் வரிசைகளுக்கிடையில் புகுந்து போனேன். போய்ச் சேர்வதற்குள் வங்கிக்காரர் குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். “இங்க ரசம் கொண்டா! சாருக்கு ரசம் வரலை பாரு!” பிறகு உடனே, “மோர்! சாருக்கு மோர்!” சம்பந்தி எவ்வளவு சீக்கிரம் மோருக்கு வருகிறாரோ அவ்வளவு சீக்கிரம் நாற்காலி கைக்கு வரும். சம்பந்தியோ ஒவ்வொரு குரலுக்கும் தலையைத் திருப்பி, கையைக் குவித்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

கை கழுவிவிட்டு வந்த சம்பந்தி அம்மா, பிம்ப்ரி அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மராத்தியில்தான் பேசினார், அருகில் நின்ற எனக்குப் புரிந்தது.

“விஹிண்பாய், சம்பந்தியம்மா, எங்க பக்கம் பந்தியில வீட்டுக்காரங்க வந்து ஆக்ரஹ் பண்ணுவாங்க, இன்னும் சாப்பிடுங்கன்னு. ஆனா ஒவ்வொருத்தர் முதுகுக்குப் பின்னாலயும் ஒரு ஆள் நின்னு, இவருக்கு இது வேணும், அது வேணும்னு கேட்டு வாங்கிப் போட்டு நான் பாத்ததில்ல. இத்தன பேரா உங்களுக்கு?”

பிம்ப்ரி அக்கா என்னைப் பார்த்தார். பந்தியைப் பார்த்தார். வங்கிக்காரர் அதற்குள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“ஆமாங்க” என்றார் மராத்தியில். “எல்லாம் நம்ம ஆளுங்கதான்.”

சம்பந்திக்கு அதுவும் போதவில்லை. மரியாதையைத் திருப்பிச் செய்யாமல் போவது சாத்தாராக்காரருக்கு அழகில்லை போல. துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டு மறுபடி பந்திக்குள் போனார். வங்கிக்காரரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பரிமாறுகிறவரைப் பார்த்து, மண்டபமே திரும்பும் குரலில், தான் அன்று கற்ற ஒரே தமிழ்ச் சொல்லைச் சொன்னார்.

“மோர்!”

சாம்பாருக்கே வராத வங்கிக்காரர் திடுக்கிட்டுப் பின்னால் பார்த்தார். யாரோ நாற்காலிக்கு நிற்கிறார்கள் என்று தெரிந்ததும் அவசர அவசரமாக வடையை வாயில் போட்டுக்கொண்டார். “ஆச்சு சார், ஆச்சு, இதோ முடிச்சுட்டேன்!”

முதலாளி சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் சம்பந்தியிடம் விஷயத்தைச் சொல்லி அழைத்து வரலாம் என்று காலெடுத்து வைத்தேன். பிம்ப்ரி அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“விடு தம்பி. அவரு நல்லாத்தான் நிக்கிறாரு.”